ஜங்ஷன் பாக்ஸை "ஒரு அடி தள்ளி வைப்பது" என்றால் சுவருக்குள் என்ன நடக்கிறது?

பழைய வீட்டை இடித்து மாற்றும்போது ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்தே தீரும். மாடுலர் கிச்சனுக்கு அளவெடுக்க வந்தவர், "சிம்னி இங்கதான் வரும், இந்த பாக்ஸ் இடைஞ்சலா இருக்கு" என்பார். அலமாரி செய்கிறவருக்கும் அதே பாக்ஸ்தான் இடைஞ்சலாக இருக்கும். "ஒரு அடி தள்ளி வச்சிடலாம் சார், அரை நாள் வேலை" என்று முடிவாகும், நாமும் சரி என்போம். பாக்ஸைத் தள்ளி வைப்பது உண்மையிலேயே அரை நாள் வேலைதான். ஆனால் வயர் நீளாது. அதை யாரும் அந்த நேரத்தில் சொல்வதில்லை.

பாக்ஸ் ஒரு அடி நகர்ந்தால் அதற்குள் வந்து நிற்கும் வயர்கள் ஒரு அடி போதாமல் போகும். போதாத இடத்தில் ஒரு துண்டு வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, சுவரில் வயருக்காக வெட்டிய பள்ளமான காடிக்குள் அழுத்தி, மேலே சிமெண்ட் பூசிவிட்டால் வேலை முடிந்தது போலத்தான் தெரியும். லைட் எரியும், ஃபேன் சுற்றும். டைல்ஸும் ஒட்டியாகிவிடும். அந்த டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஜாயிண்ட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். ஃபேஸ் என்பது கரண்ட் கொண்டுவரும் வயர். நியூட்ரல் என்பது அது திரும்பிப் போகும் வயர். எர்த் என்பது சாதாரண நேரத்தில் சும்மா இருந்து, கோளாறு வந்தால் மட்டும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர். வீட்டுக்கு வரும் கரண்டை அறை அறையாகப் பிரித்துவிடும் பெட்டிக்குப் பெயர் டிபி. ஒரு லைன் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிகிற இடத்தில், வயர்கள் ஒன்றோடொன்று சேரும் ஜாயிண்ட்டுகளை மூடி போட்டுப் பாதுகாத்து வைக்கும் பெட்டிதான் ஜங்ஷன் பாக்ஸ். நம்மூரில் பல வீடுகளில் தனி ஜங்ஷன் பாக்ஸ் இல்லாமல் ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் இருக்கும் மெட்டல் பாக்ஸே அந்த வேலையைச் செய்கிறது. சீலிங்கில் ஃபேன் தொங்கும் பாக்ஸும் சில இடங்களில் அப்படித்தான்.

வயரிங்கில் வயரின் நடுப்பகுதி கெட்டுப்போவது அபூர்வம். ஆணி அடித்தால், எலி கடித்தால், அளவுக்கு மீறி லோடு ஏற்றினால் ஒழிய அது பல வருஷம் கிடக்கும். தொல்லை வருவது முனைகளிலும் சேர்ப்புகளிலும். அதனால்தான் சேர்ப்புகளை எல்லாம் ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து, பிறகு திறந்து பார்க்க வசதியாக ஒரு மூடியும் வைக்கிறார்கள். ஒருவேளை ஜாயிண்ட் எரிந்தாலும் தீ அந்தப் பெட்டியோடு நிற்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

ஆக, பாக்ஸை நகர்த்துவது என்றால் அந்த ஜாயிண்ட்டுகளை நகர்த்துவது. பாக்ஸ் மட்டும் புது இடத்துக்குப் போய், ஜாயிண்ட் பழைய இடத்திலேயே சிமெண்ட்டுக்குள் கிடந்தால், நகர்ந்தது வெறும் தகரம்.

ஜாயிண்ட் ஏன் சூடாகிறது

தேர்த் திருவிழா முடிந்து கூட்டம் கலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீதி அகலம், ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் படாமல் நடக்கிறார்கள். வீதி முடிகிற இடத்தில் ஒரு வாசல், அதன் இரண்டு கதவில் ஒன்று சாத்தியிருக்கிறது. அதே கூட்டம்தான், ஆனால் அந்த வாசலில் மட்டும் தள்ளுமுள்ளு, வியர்வை. வீதியின் தொடக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்று நிமிஷத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணினால் அவர் கணக்கில் ஒரு குறையும் தெரியாது.

வயரிலும் இதுதான். இரண்டு செம்புக் கம்பிகளைக் கையால் முறுக்கினால் முழுப் பரப்பும் ஒட்டிக்கொண்டது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் தொடுவது சில மிகச் சிறிய புள்ளிகள்தான். அழுத்தம் குறைந்தால் புள்ளிகளும் குறையும். முழுக் கரண்டும் அந்தச் சில புள்ளிகள் வழியாகவே போயாக வேண்டும். இப்படித் தொடும் இடத்தில் மட்டும் கூடுதலாக உண்டாகும் தடைக்குத் தொடுமுனைத் தடை என்று பெயர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம், பெருக்கல்தான். ஜாயிண்ட்டில் உண்டாகும் சூடு என்பது கரண்டை அதே கரண்டால் பெருக்கி, பிறகு தடையால் பெருக்கினால் வருவது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். லூஸான ஜாயிண்ட்டின் தடை 0.2 ஓம் என்று கொண்டால், சூடு சுமார் 15 வாட். நம் வீடுகளில் பழைய "ஜீரோ வாட்" பல்பு ஒன்று இரவெல்லாம் எரியுமே, பெயர்தான் ஜீரோ, அது உண்மையில் இழுப்பது கிட்டத்தட்ட இதே 15 வாட்தான், கொஞ்ச நேரம் எரிந்தபின் கையால் பிடிக்க முடியாது. அந்தச் சூடு முழுவதும் ஒரு பட்டாணி அளவு முறுக்கலுக்குள், காற்றோட்டம் இல்லாமல், டேப்புக்குள் அடைபட்டிருக்கிறது. சாதாரண பிவிசி வயரின் உறை தாங்கும் சூடு 70 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் உறை முதலில் இளகும், அப்புறம் காய்ந்து வெடிக்கும்.

இது ஒரு நாளில் நடப்பதில்லை. சூடானால் செம்பு விரியும், கீசரை அணைத்ததும் சுருங்கும். ஒவ்வொரு முறையும் முறுக்கல் ஒரு இழை தளரும். சூட்டில் செம்பின் மேல் கறுப்பாக ஒரு படலம் படியும், அது கரண்டைச் சரியாகக் கடத்தாது. தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் தளரும். டேப்பின் பசையும் சூட்டில் விட்டுப்போகும். எரிந்துபோன பாக்ஸ்களைத் திறந்தால், டேப் ஒரு பக்கம் அவிழ்ந்து, வயரின் உறை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பழுப்பாகி நிற்பதைப் பார்க்கலாம்.

"பத்து வருஷமா அப்படித்தான் இருக்கு, ஒன்னும் ஆகலையே"

இந்த வாதத்தைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அந்த லைனில் ஓடியது ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட். 75 வாட் ஃபேன் இழுப்பது 0.33 ஆம்பியர். அதே 0.2 ஓம் ஜாயிண்ட்டில் அது உண்டாக்கும் சூடு 0.02 வாட், ஒன்றுமே இல்லை. கீசரோடு ஒப்பிட்டால் கரண்ட் 26 மடங்கு குறைவு, ஆனால் சூடு கிட்டத்தட்ட 700 மடங்கு குறைவு, ஏனென்றால் கரண்டை அதே கரண்டால் பெருக்குகிறோம். ஜாயிண்ட் மோசமாக இருந்தும் தப்பித்தது இதனால்தான்.

ஆனால் ரெனவேஷன் எதற்குச் செய்கிறோம்? இண்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் மெஷின், இன்னொரு ஏ.சி. பழைய லைனை அப்படியே வைத்துக்கொண்டு, பாக்ஸை மட்டும் நகர்த்தி, அங்கே 16 ஆம்பியர் சாக்கெட் வைக்கிறோம். பத்து வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஜாயிண்ட் அன்றைக்குத்தான் முதன்முதலாக வேலை பார்க்கத் தொடங்குகிறது.

எம்சிபி ட்ரிப் ஆகாதா?

ஆகாது. இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

எம்சிபி என்பது, லைனில் ஓடும் கரண்ட் அதன் அளவைத் தாண்டினால் தானாக அணைந்துகொள்ளும் ஸ்விட்ச். லூஸ் ஜாயிண்ட்டால் கரண்ட் கூடுவதில்லை. தடை சேர்வதால் ஒரு துளி குறையவே செய்கிறது. வீதியில் நின்று ஆள் எண்ணுகிற போலீஸ்காரர் இந்த எம்சிபிதான்.

ஆர்சிசிபி என்பது, ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, வித்தியாசம் வந்தால் அணைந்துகொள்ளும் கருவி. வீடுகளில் ஆளைக் காப்பாற்ற வைப்பது 30 மில்லி ஆம்பியர் அளவு. லூஸ் ஜாயிண்ட்டில் கரண்ட் வெளியே எங்கும் கசிவதில்லை, போனது அப்படியே திரும்பி வருகிறது. அதனால் இதுவும் பேசாமல் இருக்கும். உறை எரிந்து கம்பி எதையாவது தொட்ட பிறகுதான் இவை இரண்டும் விழித்துக்கொள்ளும். இரண்டும் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இவற்றை நம்பி ஜாயிண்ட்டை மோசமாகப் போடக் கூடாது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: மோசமான ஜாயிண்ட் சூடாகும், லோடு கூடினால் பல மடங்கு சூடாகும், டிபியில் இருக்கும் எதுவும் அதைக் கண்டுபிடிக்காது. எனவே ஜாயிண்ட் நன்றாக இருக்க வேண்டும், திறந்து பார்க்கிற இடத்திலும் இருக்க வேண்டும். நகர்த்தும் முறைகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

அப்படியானால் எப்படி நகர்த்துவது

முதலில் அந்த பாக்ஸ் கடைசி பாக்ஸா, வழியில் இருக்கும் பாக்ஸா என்று பார்க்க வேண்டும். கரண்ட் வந்து முடிகிற இடம் என்றால் வேலை எளிது. அங்கிருந்து வேறு அறைக்கு லைன் போகிறது என்றால், நகர்த்தும்போது வருகிற வயர், போகிற வயர் இரண்டையும் கவனிக்க வேண்டும். டிபி பக்கமாக நகர்த்தினால் வருகிற வயர் மிஞ்சும், வெட்டிக்கொள்ளலாம். ஆனால் போகிற வயர் போதாது. எதிர்ப்பக்கம் நகர்த்தினால் இது தலைகீழ்.

போதாத வயருக்கு நல்ல வழி, சுவருக்குள் அது போகும் பைப்பிலிருந்து அதை உருவிவிட்டு, முந்தைய பாக்ஸிலிருந்தோ டிபியிலிருந்தோ புது இடம் வரை ஒரே நீள வயராக இழுப்பது. பழைய வயரின் முனையிலேயே புது வயரைக் கட்டி இழுத்தால் பல நேரம் வந்துவிடும், பைப்புக்குள் சிமெண்ட் இறங்கியிருந்தால்தான் தகராறு. வயர் 90 மீட்டர் காயிலாக வருகிறது, கடைகளில் மீட்டர் கணக்கிலும் தருகிறார்கள். செலவு கூடுதல்தான், இல்லை என்று சொல்லவில்லை. மாடுலர் கிச்சனின் மொத்த பில்லில் அது எந்த மூலையில் நிற்கும் என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இரண்டாவது வழி, பழைய பாக்ஸை அங்கேயே விட்டு, அதற்குள் முறையான ஜாயிண்ட் போட்டு, மேலே ஸ்விட்ச் எதுவும் இல்லாத வெறும் மூடியான டம்மி பிளேட் மாட்டி, அங்கிருந்து பைப் வழியாகப் புது பாக்ஸுக்கு வயர் கொண்டுபோவது. சுவரில் வெள்ளைச் சதுரம் ஒன்று தெரியும், இண்டீரியர் டிசைனர் முகம் சுளிப்பார். தெரிவதுதான் அதன் வேலை. அலமாரிக்குப் பின்னால் போகிறது என்றால், பின்பலகையில் திறக்கும்படி ஒரு துண்டை வெட்டி ஸ்க்ரூ போட்டு வையுங்கள். ஃபால்ஸ் சீலிங்கிலும் அதே கதைதான். ஜிப்சம் பலகைக்கு மேலே ஜாயிண்ட் இருந்தால் அந்த இடத்தில் திறப்பு ஒன்று வேண்டும்.

ஜாயிண்ட்டுக்கு வெறும் முறுக்கலும் டேப்பும் வேண்டாம். ஸ்க்ரூ வைத்த கனெக்டரோ, இப்போது பரவலாகக் கிடைக்கும் லீவர் வைத்த கனெக்டரோ, வயரின் அளவுக்கும் லோடுக்கும் ஏற்றது போட வேண்டும். இழை வயர் என்றால் ஒரு இழைகூட வெளியே நிற்கக் கூடாது. போட்டபின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சரியாகப் பிடிக்காத வயர் அப்போதே கழன்று வந்துவிடும்.

நீட்டுகிற வயரின் அளவு பழையதைவிடக் குறையவே கூடாது. லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, ஏ.சி., கீசருக்குத் தனி லைனாக 4 என்பது நம் வீடுகளில் வழக்கம். 4 சதுர மி.மீ. லைனின் கடைசியில் கையில் இருந்த 1.5 துண்டை ஒட்டினால், டிபியில் இருக்கும் எம்சிபி பெரிய வயரின் கணக்குக்கே போட்டது, மெலிந்த துண்டு வெந்தாலும் அதற்குத் தெரியாது. ரொம்பப் பழைய வீட்டில் அலுமினிய வயர் இருந்தால், அதோடு செம்பை நேரடியாக முறுக்கவே கூடாது. இரண்டு உலோகங்களும் ஈரம் பட்டால் அரித்துக்கொள்ளும். அந்த லைனை முழுசாக மாற்றிவிடுவது மேல். எர்த் வயரையும் கூடவே கொண்டுபோக வேண்டும், மெட்டல் பாக்ஸ் என்றால் பாக்ஸின் உடம்பிலும் அதை ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். அவசரத்தில் முதலில் விடுபடுவது இதுதான், ஏனென்றால் எர்த் இல்லாமலும் லைட் எரியும்.

மெயினை அணைத்தால் போதுமா

போதாது. நம்மூர் வீடுகளில் குறிப்பாகப் போதாது, காரணம் இன்வெர்ட்டர். மெயின் ஸ்விட்ச்சை அணைத்த நொடியில் இன்வெர்ட்டர், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை லைட், ஃபேன் லைன்களுக்கு அனுப்பத் தொடங்கும். பகலில் எல்லா லைட்டும் அணைந்திருந்தால் இது யாருக்கும் தெரியவே தெரியாது. ஆகவே இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் அவுட்புட்டையும் பிரித்துவிட வேண்டும். மாடியில் பேட்டரியோடு சோலார் இருந்தால் அதற்கும் இதே விதி.

அடுத்தது நியூட்ரல். ஒரு லைனின் எம்சிபியை மட்டும் அணைத்துவிட்டு வேலை பார்க்கும்போது, அந்த பாக்ஸில் இருக்கும் நியூட்ரல் வேறொரு லைனுக்கும் பொதுவாக இருந்தால், அதைக் கழற்றிய உடனே அந்த முனையில் ஷாக் அடிக்கும். வேறு அறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் வழியாக வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கே நிற்கிறது. த்ரீ ஃபேஸ் வீட்டில் பொது நியூட்ரல் கழன்றால் நிலைமை இன்னும் மோசம். சில அறைகளுக்கு வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 400 பக்கம்கூட ஏறலாம், டிவியும் ஃப்ரிட்ஜும் போய்விடும். எனவே லைனை மட்டும் அணைக்காமல் மொத்தத்தையும் அணைத்துவிட்டுத்தான் பாக்ஸைத் திறக்க வேண்டும். மெயினில் ஒரு சீட்டு ஒட்டி, முடிந்தால் பூட்டும் போட்டு விடுங்கள். கொத்தனார் டிரில்லுக்குக் கரண்ட் வேண்டும் என்று தூக்கிவிடுவது நடக்கிற விஷயம்தான்.

டெஸ்டரை மட்டும் நம்பவும் வேண்டாம். அது எரியாததற்குக் கரண்ட் இல்லை என்பது மட்டும் காரணமல்ல. டெஸ்டர் கெட்டிருக்கலாம், நீங்கள் காய்ந்த மர ஸ்டூலில் நிற்கலாம், வெயிலில் அந்த மங்கல் வெளிச்சம் தெரியாமல் போகலாம். மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் என்று தெரிந்த இடத்தில் வைத்துச் சோதித்து, அப்புறம் பாக்ஸில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்து, மறுபடி தெரிந்த இடத்தில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று உறுதிசெய்வதுதான் முறை. பழைய வீட்டில் வயரின் நிறத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது விதி. கடைசி நேரத்தில் கையில் என்ன நிறம் மிச்சம் இருந்ததோ அதுதான் உள்ளே இருக்கும்.

சுவரை வெட்டும்போது

காடி நேர்குத்தாகவோ படுக்கையாகவோ மட்டும் போக வேண்டும். குறுக்காகச் சாய்த்து வெட்டினால் பைப்பும் வயரும் மிச்சமாகும், ஆனால் நாளைக்கு அங்கே ஆணி அடிக்கிறவருக்கு உள்ளே வயர் எந்தப் பக்கம் போகிறது என்று ஊகிக்க வழியே இருக்காது. பாக்ஸுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் வயர் இருக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

ஆழம் எவ்வளவு? பிரிட்டன் கட்டட விதிகளில் ஒரு எளிய அளவுகோல் உண்டு: நேர்குத்துக் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கு வரை. நம் நாலரை இன்ச் சுவர் சுமார் 115 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு 38 மி.மீ., 20 அல்லது 25 மி.மீ. பைப் உட்கார்ந்துவிடும். ஆறில் ஒரு பங்கோ 19 மி.மீ.தான், 20 மி.மீ. பைப்பே போகாது. அதாவது நாலரை இன்ச் சுவரில் படுக்கையாக நீளக் காடி வெட்டச் சொன்னால் யோசிக்க வேண்டும், மேலே போய், பக்கவாட்டில் நகர்ந்து, கீழே இறக்குவது நல்லது. பில்லர், பீம், கான்கிரீட் எதிலும் கை வைக்கவே வேண்டாம், கம்பி தெரிகிற அளவுக்கு வெட்டிவிட்டு மேலே பூசி மறைப்பதை ஒரு எலெக்ட்ரீஷியனோடு மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

யார் செய்ய வேண்டும்

பல்பு, ஃபேன், ஸ்விட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றுவதை நீங்களே செய்துகொள்ளலாம். ஏற்கெனவே உள்ள வயரிங்கில் மாற்றம் செய்வது, கூட்டுவது எல்லாம் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்று உள்ள ஆளை வைத்துத்தான் நடக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மீட்டரும் அதற்கு முன்னால் வரும் சர்வீஸ் வயரும் மின்வாரியத்தின் பொறுப்பு. சீலைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. மீட்டரை நகர்த்த வேண்டுமென்றால் விண்ணப்பம்தான்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களே பாக்ஸைத் திறக்க வேண்டாம். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, "ஜாயிண்ட் எங்கே வருது? மூடி இருக்கா? எர்த் வந்துச்சா?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

பூசுவதற்கு முன்

வயர் இழுத்து முடிந்ததும், பூச்சுக்கு முன்னால், மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெகர் என்பது 500 வோல்ட் கொடுத்து, வயரின் உறை எங்காவது கிழிந்து கசிகிறதா என்று காட்டும் மீட்டர். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ உறை போயிருக்கிறது அல்லது ஈரம் ஏறியிருக்கிறது. சோதிக்கும் முன் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும், அந்த 500 வோல்ட்டை அவை தாங்காது.

எல்லாம் முடிந்தபின் அந்த லைனில் இருக்கும் பெரிய லோடை அரை மணி நேரம் ஓட்டி, பாக்ஸின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சுவரைவிடச் சூடாகவோ, மீன் வாடை மாதிரி ஒரு கருகல் வாடையோ வந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.

பூச்சுக்காரர் கரண்டியை எடுப்பதற்குள் காடியின் மேல் டேப் அளவை நீட்டி வைத்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும்படி போன் கேமராவில் சுவர் சுவராகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எம்சிபி எந்த பாக்ஸுக்குப் போகிறது என்று டிபி கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். நாளைக்கு அந்தச் சுவரில் அலமாரி மாட்ட டிரில்லோடு வருகிறவருக்கு இந்தப் படங்களை முதலில் காட்டிவிடலாம்.